விரத வீட்டில் அப்பாவின் பூண்டுப் பால்

சகோதரி, தைப்பூசக் காவடிக்காக நீங்கள் 48 நாள் விரதம் இருக்கும் வீட்டில், மூட்டுவலிக்கு வைத்தியர் சொன்ன பூண்டுப் பாலை அப்பா நிறுத்த வேண்டும் என்று அம்மா வற்புறுத்துவதாக எழுதியிருந்தீர்கள். நிறுத்த வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

ஆயுர்வேதம் பூண்டை விலக்கவில்லை. அறுசுவையில் புளிப்பு ஒன்று மட்டும் இல்லாததால் அதற்கு ரசோனம் என்று பெயரிட்டு, வாதத்தைத் தணிக்கும் மருந்தாகவே அதைப் போற்றுகிறது, பித்த உடம்புக்காரர்களை மட்டும் எச்சரித்துவிட்டு. பூண்டும் வெங்காயமும் மனத்தைக் கிளர்த்தும், மந்தமாக்கும் என்று ஒதுக்குவது ஆன்மிகச் சாதனையில் இருப்பவர் தமக்கே விதித்துக்கொள்ளும் ஒழுங்கு. கீதையின் 17ஆம் அத்தியாயம் உணவை முக்குணங்களாகப் பிரித்தாலும் இவ்விரண்டின் பெயரைச் சொல்வதில்லை. மனுஸ்மிருதி பெயர் சொல்லியே விலக்குகிறது, ஆனால் இருபிறப்பாளருக்கு, அதாவது பூணூல் அணியும் மேல் மூன்று வருணத்தாருக்கு. நம் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

அப்பாவின் பாலுக்குத் தனிச் சட்டி வையுங்கள். உங்கள் சாம்பாருக்குப் பெருங்காயமும் சீரகமும் போதும். உண்மையில் கவனிக்க வேண்டியது கடைச் சாமான்களைத்தான்: சம்பால் என்ற மிளகாய் விழுதிலும் மசாலாப் பொட்டலத்திலும், வெங்காயம், பூண்டு இரண்டையும் குறிக்கும் 'பவாங்' என்ற மலாய்ச் சொல் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். அப்பா இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், பூண்டு அதன் வேகத்தைக் கூட்டக்கூடும் என்பதால், கிளினிக் மருத்துவரிடம் பூண்டுப் பாலைப் பற்றி மறக்காமல் சொல்லிவிடுங்கள்.