ஒருநாள் ஸ்டிரைக்: சம்பளம் போகும், சர்வீஸும் போகுமா?

கேள்வி: நான் 2014-இல் சேர்ந்த இடைநிலை ஆசிரியை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. நானும் ஹெச்.எம்.மும் மட்டும்தான். எங்கள் சங்கம் ஊதிய வித்தியாசத்தைச் சரிசெய்யக் கோரி ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம் அறிவித்திருக்கிறது. கலந்துகொள்ள ஆசை. ஆனால் பத்து வருடம் முடித்தவருக்குக் கிடைக்கும் உயர் ஊதிய நிலையான தேர்வுநிலைக்கு அனுப்பிய முன்மொழிவு இன்னும் நிலுவையில் இருக்கிறது. பேசாமல் மெடிக்கல் லீவ் போட்டுவிட்டுப் போகலாமா? ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)-இல் மெமோ வந்தால் என்ன ஆகும்? என் கணவர் தனியார் மெட்ரிக் பள்ளி ஆசிரியர். அவர்களும் இப்படிச் செய்ய முடியுமா?

பதில்: டீச்சர், மெடிக்கல் லீவ் மட்டும் போடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்டிரைக் நாளில் அலுவலகம் எப்படி இருக்கும் தெரியுமா? காலை 10.15-க்குள் வராதவர் பட்டியல் மேலே போக வேண்டும். பத்து மணியிலிருந்தே ஒவ்வொரு பள்ளிக்கும் போன் பறக்கும். "வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கா, இல்லையா?" இந்த ஒரே கேள்விதான். காரணத்தை யாரும் கேட்பதில்லை. முந்தைய நாளே தலைமைச் செயலாளர் பெயரில் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கும். வாசகம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றேதான்: மருத்துவ விடுப்பு தவிர வேறு விடுப்பு கிடையாது, மருத்துவ விடுப்பு கேட்பவரை மருத்துவக் குழுவுக்கு அனுப்பு, வராதவருக்கு 'நோ வொர்க் நோ பே', தொகுப்பூதியத்தில் இருப்பவர் வராவிட்டால் வேலையை விட்டு அனுப்பு.

மருத்துவக் குழுவில் "காய்ச்சல் ஏதும் தெரியவில்லை" என்று எழுதிவிட்டால், ஸ்டிரைக்கோடு பொய்ச் சான்று கொடுத்த குற்றமும் சேர்ந்துவிடும். லட்சம் பேரோடு சேர்ந்து செய்த தவறுக்கு என்றாவது ஒருநாள் பொது மன்னிப்பு வரும். தனியாகச் சொன்ன பொய்க்கு வராது. போவதானால் நேராகப் போங்கள், போகவில்லையென்றால் பள்ளிக்குப் போய்க் கையெழுத்துப் போடுங்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? சங்கம் வைத்துக்கொள்வது அரசியலமைப்பின் 19(1)(சி) தரும் உரிமை. ஆனால் அந்த உரிமைக்குள் வேலைநிறுத்த உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1962-இலேயே சொல்லிவிட்டது. உங்களுக்குப் பொருந்துவது 1973-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளில் 22-ஆவது விதி. வேலைநிறுத்தம் செய்யக்கூடாது, தூண்டவும் கூடாது. கோரிக்கைக்காக அனுமதியில்லாமல் பணிக்கு வராமலிருப்பதும் அதே கணக்குதான். ஆகவே எல்லோரும் ஒரே நாளில் சி.எல். (தற்செயல் விடுப்பு) எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற பழைய தந்திரமும் இந்த விதிக்குள்தான் வரும்.

2003 ஜூலை உங்களுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை, நீங்கள் அப்போது படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். ஏறக்குறைய 1,70,000 அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே மூச்சில் டிஸ்மிஸ் செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஆகஸ்டில் வந்த ரங்கராஜன் வழக்குத் தீர்ப்பு, அரசு ஊழியருக்கு ஸ்டிரைக் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. தார்மீகம் வரைக்கும் நீதிமன்றம் போயிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான். பெரும்பாலானோர் மன்னிப்புக் கடிதமும், 22-ஆவது விதிக்குக் கட்டுப்படுவேன் என்ற உறுதிமொழியும் கொடுத்துத்தான் திரும்ப வேலைக்குள் போனார்கள்.

ஆனால் ஒருநாள் அடையாள ஸ்டிரைக்கை 2003 கண்ணாடி போட்டுப் பார்க்காதீர்கள். வழக்கமாக நடப்பது சம்பளப் பிடித்தம். உங்கள் மொத்தச் சம்பளம் 62,000 என்று வைத்துக்கொண்டால், 31 நாள் மாதத்தில் ஒரு நாளுக்கு 2,000 போகும். படிகளும் சேர்ந்தே போகும். வெள்ளியும் திங்களும் ஸ்டிரைக் என்றால் நடுவில் வரும் சனி, ஞாயிறையும் சேர்த்துப் பிடிக்கப் பார்ப்பார்கள். இது பலருக்கு அடுத்த மாத பில்லைப் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

பணத்தைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது எஸ்.ஆர்., அதாவது உங்கள் பணிப்பதிவேடு. அந்த ஒரு நாளை அதில் எப்படி எழுதுகிறார்கள் என்பதுதான் விஷயம். 'ஊதியமில்லா நாள்' என்று எழுதிப் பின்னால் முறைப்படுத்தி ஆணை வந்தால் சிக்கல் இல்லை. 'அனுமதியின்றிப் பணிக்கு வராத காலம்' என்று எழுதி அப்படியே விட்டுவிட்டால் தேர்வுநிலை, சிறப்புநிலை, ஓய்வூதியம் என்று ஒவ்வொரு கோப்பிலும் ஒரு ஆடிட்டர் அதைத் தோண்டி எடுப்பார். 2016, 2017, 2019 ஸ்டிரைக் காலங்களைப் பணிக்காலமாக எடுத்துக்கொள்ள 2021-இல் அரசு முடிவெடுத்தது. ஆணை வந்தும் எஸ்.ஆரில் பதிவு ஏறாத ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். ஆணை தானாக எஸ்.ஆருக்குள் போய் உட்காராது, டீச்சர். நகலை எடுத்துக்கொண்டு நீங்கள்தான் போய் நிற்க வேண்டும்.

இப்போது 17(பி). 17(ஏ) என்றால் விளக்கம் கேட்பார்கள், நீங்கள் எழுத்தில் கொடுப்பீர்கள், கண்டனம் அல்லது ஊதிய உயர்வைச் சில காலம் நிறுத்துவது என்ற அளவில் முடியும். 17(பி) பெரிய தண்டனைக்கான பாதை. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை அலுவலர், சாட்சி என்று நீளும். தண்டனை கடைசியில் வராமலே போகலாம். ஆனால் அது நிலுவையில் இருக்கும் நாளெல்லாம், 'ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் இல்லை' என்ற சான்றில் யாரும் கையெழுத்துப் போட முடியாது. உங்கள் தேர்வுநிலை அங்கேதான் மாட்டும். அடையாள ஸ்டிரைக்கில் கலந்துகொண்ட சாதாரண உறுப்பினருக்கு 17(பி) வருவது அபூர்வம். பொறுப்பாளர்களுக்கும், ஸ்டிரைக் நாள்கணக்கில் நீண்டால் மற்றவர்களுக்கும் வரும்.

2019 ஜனவரி 22-இல் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ தொடங்கிய காலவரையற்ற ஸ்டிரைக் அப்படித்தான் ஆனது. தற்காலிக ஆசிரியர்களை மாதம் 10,000 ரூபாய்க்கு எடுப்பதாக அரசு அறிவித்தது. கெடு வைத்தது. சஸ்பென்ஷனும் இடமாறுதலும் பறந்தன. 30-ஆம் தேதி போராட்டம் நின்றது. நடவடிக்கைகளும் வழக்குகளும் கைவிடப்பட்டது 2021-இல். நடுவில் போன இரண்டு வருடம் போனதுதான்.

மெமோ வந்தால் வாங்க மறுக்காதீர்கள். தேதி போட்டு வாங்குங்கள், சொன்ன கெடுவுக்குள் பதில் கொடுங்கள். சங்கம் தரும் பொதுமாதிரிப் பதிலில் உங்கள் பள்ளியும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பக்கத்துப் பள்ளியின் பெயரோடு வந்த பதில்களை நான் கட்டுக்கட்டாகக் கண்டிருக்கிறேன்.

ஸ்டிரைக் வேண்டாம், கோரிக்கைக்குக் குரல் மட்டும் கொடுக்கிறேன் என்றால் பள்ளி நேரம் முடிந்தபின் ஆர்ப்பாட்டத்துக்குப் போங்கள். அமைதியான ஆர்ப்பாட்டத்தை ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் விதி செல்லாது என்று காமேஷ்வர் பிரசாத் வழக்கில் 1962-இலேயே தீர்ப்பு இருக்கிறது. அனுமதியில்லாத மறியல் என்றால் போலீஸ் பஸ்ஸில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்துச் சாயங்காலம் விட்டுவிடுவார்கள். காவல் 48 மணி நேரத்தைத் தாண்டினால் மட்டும் விவகாரம் வேறு. நீங்கள் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பதாகவே விதி எடுத்துக்கொள்ளும்.

உங்கள் கோரிக்கை நியாயமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் அப்போது 8,370. மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200. அதே படிப்பு, அதே ஒன்றாம் வகுப்பு, 3,170 ரூபாய் வித்தியாசம். 2021 தி.மு.க. தேர்தல் அறிக்கையில் 311-ஆவது வாக்குறுதியாக இது ஏறியபோது கைதட்டியவர்களே அடுத்த வருடம் சென்னையில் கல்வித் துறைத் தலைமை அலுவலகமான டி.பி.ஐ. வளாகத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். கோபம் புரிகிறது.

கணவர் விஷயம் வேறு. அவருக்கு 22-ஆவது விதி கிடையாது, ஆனால் பாதுகாப்பும் குறைவு. பள்ளி ஒரு தொழில்தான், ஆசிரியர் மட்டும் 'தொழிலாளி' இல்லை என்று 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் பள்ளி பஸ் டிரைவரைப் போலத் தொழில் தகராறு எழுப்பும் வழி அவருக்கு அடைபட்டிருக்கிறது. தனியாக வேலையை நிறுத்த வேண்டாம். நியமன ஆணை, வங்கியில் சம்பளம் ஏறிய பதிவு, பி.எஃப். கணக்கு மூன்றையும் முதலில் கையில் எடுக்கச் சொல்லுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து எழுத்தில் கேட்பது அதற்குப் பிறகு.

கடைசியாக, உங்கள் பள்ளி ஈராசிரியர் பள்ளி. ஹெச்.எம்.மும் ஸ்டிரைக் என்றால் சாவியை முந்தைய மாலையே பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) அலுவலகத்தில் ஒப்படைத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். காலை உணவு சமைக்கிற அக்காவிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விடியற்காலையில் அரிசியோடு வந்து பூட்டிய கேட் முன்னால் அவர் நிற்கக்கூடாது.