நுரையீரல் வார்டில் மாணவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

நுரையீரல் மருத்துவப் பிரிவில் பயிற்சி பெறும் மூத்த மாணவர்களிடமிருந்தே இம்முறை கேள்விகள் மிகுதியாக வந்துள்ளதால், பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். நோயாளி ஒருவரின் மனைவி அனுப்பிய கேள்வியும் அதே வார்டைப் பற்றியது என்பதால் இடையில் சேர்த்துள்ளோம்.

கேள்வி: எங்கள் பிரிவுக்கு வரும் நோயாளிகள் எல்லோரும் கையில் மார்பு எக்ஸ்ரேயுடன்தான் வருகிறார்கள், பலர் சி.டி. ஸ்கேனும் எடுத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதிலும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பதிலும் மணிக்கணக்கில் எங்களைப் பழக்குகிறார்கள். இது பழைய வழக்கத்தை விட மனமில்லாததால்தானே?
– இறுதியாண்டு மாணவர்

பதில்: பழைய வழக்கம் என்பதில் ஐயமில்லை. தட்டிப் பார்க்கும் முறையை ஆவன்புருக்கர் நூலாக வெளியிட்டது 1761இல். லென்னெக் ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கியது 1816இல். ரோன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்ததோ 1895இல்தான். ஆனால் ஒரு பரிசோதனையை அதன் வயதை வைத்துத் தள்ளிவிட முடியாது. எந்த நேரத்தில் எந்தக் கேள்விக்கு அது விடை சொல்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நெஞ்சறைக்குள் கசிந்த காற்று வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறிக்கொண்டே போகும் நிலையை எண்ணிப் பாருங்கள். நோயாளி மூச்சுக்குத் தவிக்கிறார், இரத்த அழுத்தம் சரிகிறது, ஒரு பக்க நெஞ்சு அசையவில்லை, அந்தப் பக்கம் தட்டினால் வெற்றுப் பாத்திரம்போல் ஒலிக்கிறது, மூச்சொலி கேட்கவில்லை, மூச்சுக்குழல் எதிர்ப்பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கிறது. இவரை எக்ஸ்ரே அறைக்கு அனுப்பிவிட்டுப் படத்துக்காகக் காத்திருந்தால், படம் வரும்போது அவர் உயிரோடு இருப்பாரா என்பதே சந்தேகம். கண்ணையும் விரலையும் காதையும் நம்பி அங்கேயே முடிவெடுத்துக் காற்றை வெளியேற்றியாக வேண்டும். கடுமையான ஆஸ்துமாவும் அப்படித்தான். இழைப்புச் சத்தம் அடங்கிவிட்டது என்று நிம்மதியடையும் மாணவருக்கு, காற்றே உள்ளே போகாததால்தான் சத்தம் நின்றிருக்கிறது என்பதை எந்தப் படமும் சொல்லித்தராது.

காது தோற்கும் இடங்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. நுரையீரலைச் சுற்றிச் சேரும் நீர் ஏறத்தாழ 200 மில்லி லிட்டரை எட்டினால்தான் நேராக நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் ஓரக் கோணம் மழுங்கித் தெரியும். அதைவிடக் குறைந்த நீரையும் அல்ட்ராசவுண்ட் காட்டிவிடும். தட்டும் விரலுக்குத் தெரிய வேண்டுமானால் நீர் இன்னும் கூடுதலாகச் சேர்ந்திருக்க வேண்டும்.

ஆகவே கருவியா கையா என்று வழக்காடுவதைவிட, இரண்டையும் எந்த வரிசையில் பயன்படுத்துவது என்பதே மாணவருக்கு முக்கியம். நோயாளியைப் பார்த்து முடித்ததும், படத்தைத் திறக்கும் முன்பே, உங்கள் முடிவைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்: “வலப்பக்கக் கீழ்ப்பகுதியில் தட்டொலி மந்தம், மூச்சொலியும் குரலதிர்வும் குறைவு, நீர் கோத்திருக்கலாம்.” அதன் பிறகு படத்தைப் பாருங்கள். தவறியிருந்தால் உடனே திரும்பிப் போய், அதே நெஞ்சை மீண்டும் தட்டிப் பாருங்கள். படத்தை முதலில் பார்த்துவிட்டவருக்குப் படத்தில் இருப்பதெல்லாம் காதிலும் கேட்பதுபோல் தோன்றும். அவர் கற்றுக்கொண்டது எதுவுமில்லை.

கேள்வி: ரவுண்ட்ஸின்போது மற்ற மாணவர்கள் எல்லோரும் கிராக்கிள்ஸ் (மூச்சோடு நுரையீரலில் எழும் நொறுநொறு ஒலி) கேட்கிறது என்கிறார்கள். எனக்குக் கேட்பதேயில்லை, நானும் தலையாட்டிவிடுகிறேன். காதில் கோளாறா?
– ஒரு மாணவி

பதில்: உங்களோடு தலையாட்டியவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் கேட்டது என்று யாருக்குத் தெரியும்? காதைக் குறை சொல்லும் முன் முறையைச் சரிபாருங்கள். காதுமுனைகள் முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். துணிக்கு மேல் வைத்துக் கேட்கக் கூடாது. துணி உரசும் ஒலியும் மார்பு முடியில் உரசும் ஒலியும் கிராக்கிள்ஸ் போலவே ஏமாற்றும். நோயாளி வாயைத் திறந்து, வழக்கத்தைவிடச் சற்று ஆழமாக மூச்சுவிட வேண்டும். அதையும் தொடர்ந்து செய்யவைத்தால் தலைசுற்றும் என்பதால் இடையிடையே ஓய்வு கொடுங்கள். இடது, வலது என்று ஒரே மட்டத்தில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். அக்குளை விட்டுவிடாதீர்கள், முதுகின் அடிப்பகுதியையும்தான்.

மெல்லிய கிராக்கிள்ஸ் எப்படியிருக்கும் என்று அறிய, காதருகே தலைமுடிக் கற்றையை இரு விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நார்த்திசு பெருகி இறுகிய நுரையீரலில் ஏறத்தாழ அப்படித்தான், உள்மூச்சின் கடைசிப் பகுதியில், கேட்கும். கேட்டதும் நோயாளியை ஒருமுறை இருமச் சொல்லி, அதே இடத்தில் மீண்டும் வையுங்கள். சளியால் எழுந்த ஒலியாயின் மாறும் அல்லது மறையும்; நார்த்திசுவால் எழுந்தது அப்படியே இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, மூச்சை எண்ணுங்கள். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சின் போக்கே மாறிவிடும். ஓய்விலிருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. வார்டிலுள்ள எல்லோருக்கும் 20 என்றே எழுதப்பட்ட கேஸ் ஷீட்டுகளைக் கண்டால், யாரும் எண்ணவில்லை என்று கொள்ளலாம். நிமோனியாவின் கடுமையை மதிப்பிடும் அளவுகோலில், குழப்பம், இரத்த யூரியா, இரத்த அழுத்தம், 65 வயது ஆகியவற்றோடு, மூச்சு 30ஐ எட்டியிருக்கிறதா என்பதும் ஒன்று. கடிகாரம் போதும், கருவி எதுவும் வேண்டாம்.

கேள்வி: சி.ஓ.பி.டி. (மூச்சுவழிகள் நாள்பட அடைபடும் நுரையீரல் நோய்) நோயாளி ஒருவருக்கு, இரத்த ஆக்சிஜன் செறிவை அளக்க விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 89 காட்டியது. ஆக்சிஜனைக் கூட்டி 98க்குக் கொண்டுவந்தேன். வந்த மருத்துவர் என்னைக் கடிந்துகொண்டு உடனே குறைத்துவிட்டார். நான் செய்ததில் என்ன பிழை?
– இறுதியாண்டு மாணவர்

பதில்: கடும் நோயில் பெரும்பாலான நோயாளிகளுக்கு ஆக்சிஜன் செறிவை 94 முதல் 98 விழுக்காட்டுக்குள் வைப்பதே இலக்கு. கார்பன் டை ஆக்சைடு தேங்கும் வாய்ப்புள்ளவர்களுக்கு, சி.ஓ.பி.டி. முற்றியவர்கள் இதில் முதன்மையானவர்கள், 88 முதல் 92 வரை போதும். உங்கள் நோயாளி 89இல் இலக்குக்குள்தான் இருந்தார்.

அளவு மீறிய ஆக்சிஜன் இவர்களுக்கு ஏன் தீங்காகிறது என்று கேட்டால், மூச்சுவிடும் உந்துதல் குறைந்துவிடும் என்று மாணவர்கள் ஒப்பிப்பார்கள். அது ஒரு பகுதி மட்டுமே. காற்று சரியாகப் போகாத நுரையீரல் பகுதிகளுக்கு இரத்தம் வீணாகச் செல்லாதபடி அங்குள்ள இரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்கியிருக்கும். ஆக்சிஜனைக் கொட்டினால் அந்தச் சுருக்கம் தளர்ந்து, இரத்தம் மீண்டும் பயனற்ற பகுதிகளுக்குப் போய், கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றாமலேயே திரும்பிவிடும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் தன்னிடமுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கைவிடுவதும் சேர்ந்துகொள்ளும். நோயாளிக்குத் தலைவலி, தூக்கக் கலக்கம், நீட்டிய கைகளில் படபடக்கும் நடுக்கம் ஆகியவை தோன்றும்போது ஆக்ஸிமீட்டர் அழகான 98ஐக் காட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கருவிக்குக் கார்பன் டை ஆக்சைடு பற்றி எதுவும் தெரியாது. தமனி இரத்தத்தை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். அதில் பி.எச். 7.35 முதல் 7.45 வரையிலும், கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 35 முதல் 45 மி.மீ. பாதரசம் வரையிலும் இருப்பது இயல்பு.

ஆக்ஸிமீட்டரின் மற்றக் குறைகளையும் அறிந்துவைத்திருங்கள். குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் அளவைக் கெடுக்கும். கருமையான தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். புகையில் சிக்கி கார்பன் மோனாக்சைடு நச்சேறியவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும்.

இதைப் படித்துவிட்டு, தேங்கிவிடுமோ என்ற பயத்தில் சி.ஓ.பி.டி. நோயாளியின் ஆக்சிஜனை யாரும் கழற்றிவிட வேண்டாம். ஆக்சிஜன் பற்றாக்குறை அதைவிட வேகமாகக் கொல்லும். இலக்குக்குள் வைக்க வேண்டும், அவ்வளவே. இன்னொன்று: கடுமையான ஆஸ்துமாத் தாக்குதலில் நோயாளி வேகமாக மூச்சுவிடுவதால் கார்பன் டை ஆக்சைடு தாழ்ந்திருக்க வேண்டும். அது 40 என்று வந்தால், “இயல்பு” என்று எழுதிவிட்டு நகராதீர்கள். அவர் களைத்துக்கொண்டிருக்கிறார், மூத்த மருத்துவரை அப்போதே அழையுங்கள்.

கேள்வி: என் கணவர் நுரையீரல் வார்டில் சேர்க்கப்பட்டிருக்கிறார். மாணவர்கள் கூட்டமாக வந்து ஒருவர்பின் ஒருவராக அவர் நெஞ்சைத் தட்டிப் பார்க்கிறார்கள், அவர் சோர்ந்துபோகிறார். வேண்டாம் என்றால் சிகிச்சை பாதிக்கப்படுமா?
– ஒரு வாசகி

பதில்: வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லலாம் அம்மா. அதனால் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக் கூடாது என்பதே மருத்துவ நெறி. மாணவர் தம்மை மாணவர் என்று சொல்லி, அனுமதி கேட்ட பிறகே தொட வேண்டும். முற்றிலும் மறுக்க மனமில்லையென்றால், ஒரு நேரத்தில் ஒருவர் அல்லது இருவர் மட்டும் வரட்டும் என்று கேளுங்கள். பொறுப்பு மருத்துவரிடமும் சொல்லிவையுங்கள்.

மாணவர்களுக்கும் இங்கே ஒரு சொல். மூச்சுத்திணறும் நோயாளியைப் படுக்கவைத்துப் பரிசோதிக்காதீர்கள். சாய்ந்து உட்கார்ந்த நிலையிலேயே பாருங்கள். ஆக்சிஜன் மாஸ்க்கை எடுக்காதீர்கள். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாதவரிடம் நீண்ட வரலாறு கேட்பது கொடுமை, உடனிருப்பவரிடம் கேளுங்கள். அவர் தேறிய பின் ஆற அமர உட்கார்ந்து, இளமை முதல் என்னென்ன வேலை செய்தார், வீட்டில் என்ன வளர்க்கிறார் என்று கேட்டறியுங்கள். கல்நார்த் தூசியின் தீங்கு பல பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டும். புறா வளர்ப்பவருக்கு அதன் எச்சமும் இறகுத் தூசியுமே நுரையீரல் அழற்சிக்குக் காரணமாகலாம். அவசரத்தில் இருக்கும் மருத்துவர் கேட்க மறந்த இத்தகைய செய்தியை மாணவர் கொண்டுவந்து, நோயறிதலே மாறிய நேர்வுகள் உண்டு. அந்தப் பொறுமையோடு வருபவர் என்றால் உங்கள் கணவருக்கும் அவரால் பயன் இருக்கும்.

கேள்வி: நெஞ்சிலிருந்து நீர் எடுக்கும்போது எங்களை வேடிக்கை பார்க்க மட்டுமே விடுகிறார்கள். ஊசியைப் பிடிக்காமல் எப்படிக் கற்பது?
– மாணவர்

பதில்: அந்தக் கட்டத்தில் உங்களுக்கு ஊசி கிடைக்காதது நோயாளிக்கு நல்லது. ஊசிக்கு முன்னும் பின்னும் இருக்கும் வேலை உங்களுடையது. அதில்தான் பாடமும் அதிகம். அல்ட்ராசவுண்ட் வைத்து இடம் குறிக்கும்போது அருகில் நில்லுங்கள். விலா எலும்பின் கீழ் விளிம்பையொட்டி இரத்தக்குழாய்களும் நரம்பும் ஓடுவதால், ஊசி எப்போதும் எலும்பின் மேல் விளிம்பை உரசியே நுழைய வேண்டும் என்பதை நேரில் பாருங்கள். நீர் வடியும்போது நோயாளியின் முகத்தைக் கவனிக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். இருமலோ நெஞ்சிறுக்கமோ தொடங்கினால் உடனே நிறுத்த வேண்டும், தொடங்காவிட்டாலும் ஒரே அமர்வில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

பிறகு அந்த நீரோடு ஆய்வகம் வரை போங்கள். அதே நேரத்தில் எடுத்த இரத்தமும் உடன் சென்றிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால், நீர் சேரக் காரணம் நுரையீரல் உறையிலா வேறிடத்திலா என்று பிரித்தறிய ரிச்சர்ட் லைட் 1972இல் வகுத்த அளவுகோலைப் பயன்படுத்தவே முடியாது. நீரிலுள்ள புரதம் இரத்தப் புரதத்தில் பாதிக்கு மேல், எல்.டி.எச். என்னும் நொதி இரத்த அளவில் 0.6 மடங்குக்கு மேல், அல்லது நீரின் எல்.டி.எச். இரத்தத்துக்குரிய இயல்பு உச்சத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் என்னும் மூன்றில் ஒன்று பொருந்தினாலும், நோய் நுரையீரல் உறையிலேயே இருக்கிறது என்று தேடத் தொடங்க வேண்டும். இதயச் செயலிழப்புக்காக நீர்நீக்கி மருந்து எடுப்பவர்களிடம் இது சில வேளை தவறாகக் காட்டும்.

கேள்வி: காசநோயாளிகள் இருக்கும் வார்டில் பயிற்சி என்பதால் வீட்டில் பயப்படுகிறார்கள்.
– மாணவி

பதில்: பயம் நியாயமானதே, தற்காப்பும் எளிது. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 முகக்கவசம் உங்களுக்கு, சாதாரண அறுவை முகக்கவசம் நோயாளிக்கு, திறந்த சன்னல்கள் வார்டுக்கு. சளி மாதிரியை மூடிய அறைக்குள் எடுக்கச் சொல்லாதீர்கள். திறந்தவெளியில், பிறர் அருகில் இல்லாதபோது எடுக்கட்டும். உங்களுக்கே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், தேர்வு முடியட்டும் என்று ஒத்திவைக்காமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: இன்ஹேலர் பயன்படுத்தச் சொல்லித்தருவது செவிலியர் பணி அல்லவா? அதைத் தேர்வில் கேட்கிறார்களே?
– இறுதியாண்டு மாணவர்

பதில்: கேட்பது சரியே. மருந்தைக் கூட்டும் முன், இருக்கும் மருந்து நுரையீரலுக்குப் போகிறதா என்று பார்ப்பது மருத்துவரின் வேலை. “சரியாக எடுக்கிறீர்களா?” என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள், ஆகவே கேட்காதீர்கள், உங்கள் முன்னால் எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். அழுத்திப் பீய்ச்சும் வகையைக் குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, மெதுவாக இழுத்தபடியே அழுத்தி, பத்து நொடி அடக்க வேண்டும். உலர்தூள் வகையை வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். இரண்டையும் வைத்திருக்கும் நோயாளி இரண்டையும் ஒரே விதமாக எடுப்பதுதான் அடிக்கடி காணும் தவறு. அழுத்தும் நேரமும் இழுக்கும் நேரமும் ஒத்துவராதவருக்கு ஸ்பேசர் (மருந்தைப் பிடித்துவைக்கும், இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) கொடுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால், எடுத்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்ல மறக்காதீர்கள்.