பேரேடும் பைத்தானும்

கேள்வி: பி.காம் முடித்திருக்கிறேன். டேட்டா அனலிட்டிக்ஸ் சேர்ந்த எம்.காம் படிக்க ஆசை, ஆனால் கோடிங் தெரியாதே?
– வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாகப் படிக்கலாம்மா. பர்மா, மலேயா வரை போய் லேவாதேவி செய்து, பேரேட்டை (லெட்ஜர்) பார்த்து ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எடுத்தவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள். இப்போது பேரேடு பெருத்துவிட்டது, எக்ஸெல் ஷீட்டில் 10,48,576 வரிசைக்கு மேல் போகாது, அப்புறம் எஸ்க்யூஎல், பைத்தான் என்ற கணினி மொழிகள்தான். ஆனால் கோடிங் மட்டும் போதாது, எந்தத் தொகையைச் சந்தேகப்படுவது என்று புரியக் கணக்கு தெரிய வேண்டும். பென்ஃபோர்டு விதியைப் பாருங்கள்: இயல்பாகச் சேர்ந்த பெரிய பில் தொகுப்பில் சுமார் 30 சதவீதத் தொகைகள் 1-இல் தொடங்கும், 9-இல் தொடங்குபவை 5 சதவீதம்கூட வராது. அது ரொம்பப் பிசகினால் ஆடிட்டர் அந்த பில்களைத் தோண்டுவார். சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள், தணிக்கைப் பாடம் இல்லாமல் வெறும் மென்பொருள் என்றால் அந்தக் கல்லூரி வேண்டாம்.