கியம்பாங் மூடிய குளத்துக்கு எந்த வண்டு?

கேள்வி: மலேசியாவின் நிபோங் திபாலில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எங்களுக்குக் கால் ஏக்கர் மீன்குளம் இருக்கிறது. கியம்பாங் என்னும் மிதக்கும் களை அதை முழுவதும் மூடிவிட்டது. ஆள் வைத்து வாரினாலும் திரும்ப வந்துவிடுகிறது. இதைத் தின்னும் வண்டை இணையத்தில் வாங்கி விடலாமா? கரையிலுள்ள கங்கோங் கீரையையும் அது தின்றுவிடாதா?

பதில்: வண்டைத் தேடுவதற்கு முன் செடியின் பெயரை உறுதி செய்துகொள்ளுங்கள். கியம்பாங் என்ற ஒரே பெயரில் இங்கே இரண்டு மூன்று மிதக்கும் செடிகளைக் குறிக்கிறார்கள். நம்மவர்களும் ஆகாயத்தாமரை என்ற பெயரை இப்படித்தான் பல செடிகளுக்கு வழங்குகிறார்கள். ஆனால் வெங்காயத்தாமரையைத் தின்னும் கூன்வண்டு வேறு, சால்வினியா என்ற மிதக்கும் செடியைத் தின்னும் கூன்வண்டு வேறு. ஒன்றைக் கொண்டுவந்து மற்றொன்றின் மேல் விட்டால் அது பட்டினியால்தான் சாகும். ஓர் இலையைப் பறித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்து, மேற்பரப்பில் நுண்மயிர்கள் நான்கு நான்காகப் பிரிந்து நுனியில் மீண்டும் ஒன்றுசேர்ந்து முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டி போலத் தெரிந்தால், அது சால்வினியா மொலெஸ்டா. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது அதுவே என்று கருதுகிறேன்.

பெயரில் நான் இவ்வளவு பிடிவாதம் காட்டக் காரணம் இருக்கிறது. இந்தச் செடியை நெடுங்காலம் சால்வினியா ஆரிகுலேட்டா என்ற வேறோர் இனம் என்றே எண்ணியிருந்தார்கள். அந்த இனத்திலிருந்து சேகரித்த பூச்சிகளை ஆப்பிரிக்காவில் விட்டும் பலன் கிடைக்கவில்லை. 1972இல் இது தனி இனம் என்று பெயரிடப்பட்டது. 1978இல் இதன் தாயகம் தென்கிழக்குப் பிரேசில் என்று கண்டறிந்தார்கள். அங்கே இதைத் தின்று வாழ்ந்த சிர்டோபாகஸ் சால்வினியே என்ற கூன்வண்டை 1980இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டபோது, ஏறத்தாழ 200 ஹெக்டேர் பரப்பிலிருந்த களை ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அழிந்தது. இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்தக் கருவண்டு தளிர்மொட்டைக் கடித்துத் தின்னும். அதன் வெண்ணிறப் புழுவோ தண்டுக்குள் துளைத்துச் செல்லும். சால்வினியா விதையால் பரவுவதில்லை, ஒடிந்த துண்டிலிருந்தே தழைக்கிறது. ஆகவே மொட்டும் தண்டும் ஒருசேரப் பாழானால் அதற்கு மீட்சியில்லை. உங்கள் ஆட்கள் வாரும்போது ஒடிந்து சிதறும் துண்டுகளே மீண்டும் குளத்தை மூடுகின்றன.

கங்கோங்கைப் பற்றி அஞ்ச வேண்டாம். இந்த வண்டு சால்வினியாவை நம்பியே வாழ்கிறது. களை குறையும்போது அதன் எண்ணிக்கையும் குறைந்துவிடும்.

ஆனால் இணையத்தில் வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து பூச்சியைத் தருவிப்பது 1976ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டத்துக்கு முரணானது; பொட்டலத்தில் வருவது எந்த வண்டு, அதனுடன் எந்த நோய் ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது. தவிர, இந்த வண்டை மலேசியாவில் 1989இலேயே விட்டிருக்கிறார்கள். உங்கள் குளத்திலேயே அது இருக்கலாம். மொட்டுகள் கருகிய செடிகளாகப் பார்த்து ஒரு கூடை எடுத்து, கண் சற்றுப் பெரிய சல்லடையில் பரப்பி, மேலே ஒரு மின்விளக்கைத் தொங்கவிட்டு, கீழே நீர் ஊற்றிய வெள்ளைப் பேசினை வையுங்கள். செடி காயக் காய வண்டுகள் ஈரம் தேடிக் கீழே இறங்கி நீரில் விழும்.

வண்டு இருந்தால் முழுவதும் வாரிவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கைக் கயிறு கட்டி ஓரமாக ஒதுக்கி வண்டுகளுக்கு விட்டுவிட்டு மீதியை மட்டும் வாருங்கள், களைக்கொல்லியைத் தொடாதீர்கள். இலை வெளிறி, தழைச்சத்து குறைந்த செடியில் வண்டு பெருகாது. பாப்புவா நியூகினியின் செபிக் ஆற்றுப் பகுதியில் செடிக்கு யூரியா இட்ட பிறகுதான் வண்டு நிலைத்தது. செம்பனைக்கு இடும் உரம் மழைநீரோடு உங்கள் குளத்தில் இறங்குமானால் இந்தக் குறை உங்களுக்கு இராது. ஆயினும் அதே உரம் களையையும் வளர்ப்பதால், வண்டு பெருகிய பின் வரப்பை உயர்த்தி அந்த நீரைத் திருப்பிவிட வேண்டும்.

களை பழுப்பேறி மூழ்கத் தொடங்கும் வாரங்கள்தான் மீனுக்கு ஆபத்தானவை. அழுகும் செடி நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளந்தால், அன்றே அழுகலை வாரிக் கரையேற்றிக் காயவிடுங்கள். வடிகாலில் மட்டும் கொட்டாதீர்கள்.

வண்டு ஒன்றுகூடச் சிக்காவிட்டால், சில செடிகளை ஈரத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு மாவட்ட விவசாயத் துறை அலுவலகத்துக்குச் சென்று, வேறு குளத்திலிருந்து வண்டுள்ள செடிகளைக் கொண்டுவர என்ன அனுமதி வேண்டும் என்று கேளுங்கள்.