மேலதிகாரியை ‘பாஸ்’ என்கிறோமே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். ‘பாஸ்’ என்பது இங்கிலாந்துக்காரர்களின் பழைய சொல்லா? அது வருவதற்கு முன்னால் வேலை கொடுப்பவரை ஆங்கிலத்தில் எப்படி அழைத்தார்கள்?

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இது இங்கிலாந்தில் பிறந்த சொல் இல்லை. நெதர்லாந்து நாட்டு டச்சுக்காரர்களின் சொல். அமெரிக்காவுக்கு அவர்களோடு கப்பலேறிப் போய், அங்கே ஆங்கிலத்தில் கலந்து, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அதற்கு முன் ஆங்கிலத்தில் இருந்த சொல் ‘மாஸ்டர்’. அந்த ‘மாஸ்டர்’ என்ற சொல்லைச் சொல்ல வாய் கூசியவர்கள்தான் ‘பாஸ்’ என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். விரிவாகச் சொல்கிறேன்.

இந்தச் சொல்லை நான் தேடிப் போனதற்குக் கொழும்பு காரணம். சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டின் உள்வேலைக்காக அங்கே இரண்டு மாதம் தங்கியிருந்தேன். வரைபடம் என்னுடையது. ஒரு சுவரில் மாடம் வைக்க வேண்டும், அளவைச் சற்று மாற்றலாமா என்று வேலை செய்துகொண்டிருந்த மலையகத்துப் பையனிடம் கேட்டேன். “பாஸ் வரட்டும் சேர், அவர்ட்ட கேட்டுட்டுத்தான் கை வைக்கலாம்” என்றான். வீட்டுக்காரரையோ ஒப்பந்தக்காரரையோ சொல்கிறான் என்று நினைத்து, காரில் யாராவது வந்து இறங்குவார்கள் என்று காத்திருந்தேன். வந்தவர் கைலியை மடித்துக் கட்டிய, அறுபது வயது மதிக்கத்தக்க கொத்தனார். பையனிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தார், சுவரோரம் தொங்கவிட்டார், ஆட்டம் நிற்கும்வரை பேசாமல் நின்றார். அப்புறம் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, மேலே கால் அங்குலம் வெளியே தள்ளியிருக்கிறது என்று விரலிடுக்கில் காட்டினார். பூச்சின் மேல் கட்டைவிரலால் ஒரு கோடு இழுத்தார். மாடம் அந்தக் கோட்டில்தான் வந்தது.

இலங்கையில் ‘பாஸ்’ என்றால் அவர்தான். கொத்தனார், தச்சர் என்று கைத்தொழிலில் தேர்ந்த ஆள். சிங்களத்தில் ‘பாஸ் உன்னஹே’ என்று மரியாதையோடு சொல்வார்கள். அங்குள்ள தமிழர்களும் அவரைப் பாஸ் என்றே அழைப்பதை அந்த இரண்டு மாதமும் கேட்டேன். அலுவலக பாஸை வேடிக்கைக்காகக் கொத்தனாருக்கு ஒட்டிவைத்தது போலத் தோன்றும். உண்மையில் கொத்தனார்தான் அந்தச் சொல்லின் மூலப் பொருளுக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

டச்சு மொழியில் இதன் உச்சரிப்பு கிட்டத்தட்ட நாம் சொல்வதேதான்: நெடிலோடு ‘பாஸ்’. ஆங்கிலத்தில்தான் அது குறுகி, ஒகரம் ஏறிப்போனது. சென்னையில் ‘பாஸ்’ என்று நெடிலாகச் சொல்லும்போது ஆங்கிலத்தைவிட டச்சு ஒலிக்கு நெருங்கி நிற்கிறோம். டச்சில் இதற்குத் தலைவர், எசமானர் என்ற பொருள்களோடு, வேலைத்தளத்தில் கூட நின்று வேலை வாங்குபவர் என்ற பொருளும் உண்டு. கப்பல் தலைவனையும் அப்படி அழைத்திருக்கிறார்கள். நாய் வளர்ப்பவரை அந்த நாய்க்கு ‘பாஸ்’ என்று இன்றும் செல்லமாகச் சொல்கிறார்கள். இந்தச் சொல்லுக்கும் முந்தைய வேர் இன்னும் தெளிவாகவில்லை. ஜெர்மன் மொழியில் அத்தையைக் குறித்த ஒரு பழைய சொல்லோடு சிலர் இதை முடிச்சுப் போட்டார்கள், வேறு சிலர் அதை ஏற்கவில்லை.

மற்ற மரியாதைச் சொற்களோடு வைத்துப் பார்த்தால் இதன் தனித்தன்மை தெரியும். ‘மாஸ்டர்’ லத்தீனின் ‘மாகிஸ்தெர்’ என்பதிலிருந்து வந்தது. அதன் அடியில் இருப்பது ‘அதிகம்’ என்ற பொருளுடைய சொல். எனவே மாஸ்டர் என்றால் உன்னைவிட மேலானவன். நாம் தினமும் சொல்லும் ‘சார்’, லத்தீனில் ‘மூத்தவர்’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒன்று உயரத்தைச் சொல்கிறது, இன்னொன்று வயதைச் சொல்கிறது. ‘பாஸ்’ வேலைத்தளத்து வாசனையோடு வந்தது.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். 1624-இல் டச்சுக்காரர்கள் ஹட்சன் ஆற்றுப் பகுதியில் குடியேறத் தொடங்கினார்கள். மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் அவர்கள் கட்டிய ஊர் நியூ ஆம்ஸ்டர்டாம். 1664-இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து நியூயார்க் என்று பெயர் மாற்றினார்கள். ஆட்சிதான் மாறியது, வீட்டுக்குள் டச்சு மொழி தலைமுறை தலைமுறையாக நின்றது. 1782-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, பின்னால் அமெரிக்காவின் எட்டாவது ஜனாதிபதியான மார்ட்டின் வான் பியூரனுக்குத் தாய்மொழி டச்சு. நாடு கைமாறி நூறு ஆண்டுகளுக்கு மேலான பிறகும் அப்படி.

சொல் அதற்கு முன்பே ஆங்கிலேயர் காதில் விழுந்திருக்கிறது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் தலைவராக இருந்த ஜான் வின்த்ராப் 1635-இல் தன் நாட்குறிப்பில் கார்டினர் என்ற பொறியாளர் வந்து இறங்கியதைக் குறிக்கும்போது, அவரை ‘வொர்க் பேஸ்’ என்று எழுதுகிறார். டச்சில் வேலைத்தள மேற்பார்வையாளருக்கு இருந்த சொல்லைக் காதில் விழுந்தபடி எழுதியது அது. அந்தக் கார்டினர் நெதர்லாந்தில் பணிபுரிந்தவர், கோட்டை கட்ட வந்தவர். ஆகவே ஆங்கில எழுத்தில் நாம் காணும் மிகப் பழைய பாஸ்களில் ஒருவர் கட்டட வேலைக்காரர். கொழும்பில் தூக்குக்குண்டு பிடித்து நின்ற மனிதரை நினைத்துக்கொண்டே இதைப் படித்தேன், மனசு நிறைந்துவிட்டது.

ஆனாலும் இந்தச் சொல் அமெரிக்கா முழுவதும் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் டச்சுக்காரர்களின் எண்ணிக்கை இல்லை. அவர்கள் சிறு கூட்டம். காரணம், அடிமை முறை. இங்கிலாந்தில் பட்டறைக்காரரைத் தொழில் பழகும் பையன் ‘மாஸ்டர்’ என்பான், அதில் தவறாக எதையும் அவன் நினைக்கவில்லை. அமெரிக்காவில் அதே சொல்லைக் கறுப்பின அடிமை தன்னை விலைக்கு வாங்கியவனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். கூலிக்கு வேலை செய்யும் வெள்ளைத் தச்சனுக்கும் செருப்புத் தைப்பவனுக்கும் அந்தச் சொல்லைத் தானும் சொல்வது பொறுக்கவில்லை. நான் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன், பிடிக்காவிட்டால் நாளை வேறு இடம் போவேன், என்னை யாரும் வாங்கவில்லை என்பது அவன் எண்ணம். பக்கத்திலேயே, பழைய நினைவு எதுவும் ஒட்டாத ஓர் அயல்மொழிச் சொல் கிடைத்தது, எடுத்துக்கொண்டான். இதே காரணத்தால் ‘வேலைக்காரர்’ என்ற சொல்லையும் விட்டு, வீட்டு வேலை செய்பவரை ‘ஹெல்ப்’, அதாவது உதவி, என்று சொல்லப் பழகினார்கள்.

நாவலாசிரியர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் 1838-இல் இதைக் கண்டித்து எழுதினார். ‘மாஸ்டர்’ என்று சொல்லக் கூசிக்கொண்டு ‘பாஸ்’ என்கிறார்களே, டச்சு மொழியில் அதற்கும் அதே பொருள்தானே என்பது அவர் வாதம். அகராதிப்படி அவர் சொன்னது சரி. ஆனால் அந்தத் தொழிலாளிகள் அகராதி பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்கவில்லை. தங்கள் தெருவில் அந்தச் சொல்லை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள். அந்த விஷயத்தில் கூப்பரைவிட அவர்களுக்குக் காது கூர்மை என்பேன். அதே சமயம் ஒன்றை மறைக்கக் கூடாது. அவர்கள் விலகியது அந்தச் சொல்லிலிருந்து மட்டும்தான். அடிமை முறை அவர்கள் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தது. டச்சுக்காரர்கள் ஊன்றிய நியூயார்க் மாநிலத்திலேயே 1827 வரை அது சட்டப்படி நீடித்தது.

1865-இல் அமெரிக்கா முழுவதும் அடிமை முறை ஒழிந்தது. அதன்பின் தெற்கு மாநிலங்களில் நடந்ததைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. விடுதலையான கறுப்பின மக்கள் நிலத்திலும் ரயில் பாதையிலும் கூலிக்கு நின்றபோது, வெள்ளை மேற்பார்வையாளரை இப்போது ‘பாஸ்’ என்று அழைக்க வேண்டியிருந்தது. சிறைகளில் காவலரை அப்படி அழைப்பது வழக்கமாகவே ஆனது. ‘மாஸ்டர்’ என்பதிலிருந்து தப்பிக்க ஒருவன் பிடித்த சொல், இன்னொருவனுக்கு ‘மாஸ்டர்’ இருந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்தது.

அரசியலுக்கும் இந்தச் சொல் போயிற்று. 1860-களில் நியூயார்க் நகர நிர்வாகத்தைக் கைக்குள் வைத்திருந்த வில்லியம் ட்வீடை ‘பாஸ் ட்வீட்’ என்றே சொன்னார்கள். ஊர்ப் பணத்தைச் சுருட்டிய ஊழலுக்காகச் சிறைக்குப் போனார், 1875-இல் தப்பி ஓடினார். தாமஸ் நாஸ்ட் வரைந்த கேலிச்சித்திரத்தை வைத்து ஸ்பெயினில் அடையாளம் கண்டு திருப்பி அனுப்பினார்கள். 1878-இல் சிறையிலேயே இறந்தார். தேர்தலுக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் ஆட்டுவிப்பவன் என்ற பொருள் ‘பாஸ்’ என்பதில் அழுந்தப் பதிந்ததற்கு அவர் பெரிய காரணம்.

தென்னாப்பிரிக்காவைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652-இல் நன்னம்பிக்கை முனையில் குடியேற்றம் அமைத்தது. அங்கே டச்சு மெல்ல ஆப்பிரிகான்ஸ் மொழியாக மாறியது, ‘பாஸ்’ அப்படியே தங்கியது. கறுப்பின மக்கள் வெள்ளைக்காரரை அப்படித்தான் அழைக்க வேண்டியிருந்தது. வீட்டுப் பையனுக்குக்கூட ‘க்லைன்பாஸ்’, சின்ன பாஸ். அறுபது வயதுப் பெரியவர் ஆறு வயதுக் குழந்தையை அப்படி அழைத்தார் என்று யோசித்துப் பாருங்கள். இந்தச் சொல்லிலிருந்தே ‘பாஸ்கப்’ என்று ஒரு கொள்கைப் பெயரும் உண்டானது, எசமான நிலை என்று சொல்லலாம். 1954 முதல் 1958 வரை பிரதமராக இருந்த ஸ்ட்ரெய்டம் அதை வெளிப்படையாகவே தன் கொள்கை என்றார். நிறவெறி அரசு 1969-இல் அமைத்த உளவுத் துறையின் ஆங்கிலப் பெயரைப் பத்திரிகைகள் முதலெழுத்துகளால் சுருக்கியபோது அதுவும் ‘பாஸ்’ என்றே வந்தது.

ஒரே டச்சுச் சொல் நியூயார்க்கில் அடிமைச் சொல்லுக்கு மாற்றாக நுழைந்தது. தென்னாப்பிரிக்காவில் அடிமைப்படுத்தும் சொல்லாகவே நின்றது. இலங்கையில் வேலை தெரிந்தவருக்கான மரியாதையாக ஆனது.

இலங்கையில் டச்சுக்காரர்கள் 1640-இல் காலியையும், 1656-இல் கொழும்பையும், 1658-இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். 1796 வரை இருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன சொற்கள் ஈழத்தமிழில் இன்றும் உண்டு: அலுவலகத்துக்குக் ‘கந்தோர்’, மேசை இழுப்பறைக்கு ‘லாச்சி’. சிங்களத்தில் வீட்டு முன் விறாந்தை ‘இஸ்தோப்புவ’. நியூயார்க்கில் வீட்டு வாசல் படிகளை ‘ஸ்டூப்’ என்கிறார்கள், இரண்டும் ஒரே டச்சுச் சொல். ஆக, அந்த இரண்டு ஊர்களும் வாசலையும் பாஸையும் ஒரே கடையில் வாங்கியிருக்கின்றன.

தமிழ்நாட்டிலும் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் இருந்தார்கள். துட்டு, கக்கூஸ் எல்லாம் அவர்கள் வழி வந்தவையே. ஆனால் நம் அலுவலக பாஸும், பேருந்தில் “பாஸ், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று முன்பின் தெரியாதவரிடம் சொல்லும் பாஸும் அமெரிக்காவைச் சுற்றி ஆங்கிலத்தோடு வந்தவை. கட்டட வேலையில் நமக்கு ‘மேஸ்திரி’ இருக்கிறார். அது போர்த்துக்கீசியரின் ‘மெஸ்த்ரெ’. அதற்கும் மேலே போனால் அதே லத்தீன் ‘மாகிஸ்தெர்’, அதாவது ‘மாஸ்டர்’. அமெரிக்கத் தச்சன் வேண்டாம் என்று விட்ட சொல்லும், அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்ட சொல்லும், பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகச் சாந்துச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்கின்றன. இங்கே மேஸ்திரி, அங்கே பாஸ். இருவர் கையிலும் அதே தூக்குக்குண்டு.