விளக்குமாற்றுக்கும் விளக்குக்கும் என்ன உறவு?

கேள்வி: விளக்கு வைத்த பிறகு வீடு பெருக்கக் கூடாது என்று என் மாமியார் விளக்குமாறைப் பிடுங்கி வைத்துவிடுவார். அந்த வழக்கத்தால்தான் அதற்கு இந்தப் பெயரே வந்தது என்கிறார். உண்மையா? விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். (வாசகி, மதுரை)

பதில்: கடைசி வரியில் குறும்பு செய்திருக்கிறீர்கள், பார்த்துவிட்டேன்! மாமியார் சொல்லும் காரணம் சரியில்லை, ஆனால் விளக்குக்கும் அதற்கும் உறவு உண்டு என்பதில் அவர் கட்சிதான் ஜெயிக்கிறது. பல் விளக்குகிறோம், பாத்திரம் விளக்குகிறோம், அப்போதெல்லாம் யாரும் திரி ஏற்றுவதில்லையே. விளங்கச் செய்வது, அதாவது அழுக்குப் போகத் தேய்த்தோ கூட்டியோ பளிச்சென்று ஆக்குவதுதான் விளக்குதல். இருட்டைப் போக்குகிற விளக்கும் அதே வேரில் வந்ததுதான்.

சரி, மாறு? மாற்றம் இல்லை. மாறு என்றால் குச்சி, மிலாறு. பருத்தி எடுத்து முடிந்ததும் செடியைப் பிடுங்கிக் காயப்போட்டு அடுப்பெரிப்பார்களே, அது பருத்திமாறு. தென்னை ஈர்க்கைச் சேர்த்துக் கட்டினால் ஈர்க்குமாறு. கொங்குப் பக்கம் சீமாறு என்பார்கள், அதுவும் நல்ல பழைய சொல். சீத்தல் என்றால் பெருக்கித் துப்புரவாக்குவது. இப்போது வீட்டுக்குள் புழங்கும் பூந்துடைப்பம் வடகிழக்கு மாநிலங்களில் விளையும் புல்லின் பூங்கொத்து, அதில் ஈர்க்கும் இல்லை மிலாறும் இல்லை, ஆனாலும் பழைய பெயரிலேயே கூப்பிடுகிறோம்.

இன்னொன்று, ‘விளக்குமாறை’ இல்லை, ‘விளக்குமாற்றை’. ஆறு ஆற்றை ஆவது மாதிரிதான். இதில் எழுதுகிறவர்கள்தான் தடுமாறுகிறார்கள், தெருச் சண்டையில் “வெளக்கமாத்தால அடிப்பேன்” என்று கத்துகிறவருக்கு இலக்கணம் பிசகுவதே இல்லை.

திட்டுவதற்கென்றே எடுக்கிற இந்தப் பொருளுக்குக் கோயிலில் மரியாதை வேறு. அங்கே அது அலகு, ‘திரு’ சேர்த்துத் திருவலகு. பொழுது விடியுமுன் கோயிலுக்குப் போய் அலகிட்டு மெழுக்கும் இடச் சொல்லி 7ஆம் நூற்றாண்டிலேயே அப்பர் தன் நெஞ்சுக்குச் சொல்கிறார்.

அப்புறம், நாகர்கோவில் பக்கம் கடைக்குப் போனால் வாரியல் என்று கேளுங்கள், உடனே எடுத்துத் தருவார்கள்.