கேள்வி–பதில்: ஏழு சகோதரர்களும் ஒரு கொட்டகையும்

கேள்வி: 1850-இல் அமெரிக்காவின் ஆரிகன் காட்டில் வாழும் ஏழு சகோதரர்கள் பெண் தேடும் கதையைச் சொல்லும் ஹாலிவுட் இசைப்படம் ‘செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்’ (1954). அதில் ஊர் கூடிக் கொட்டகை கட்டும் நாளில் வரும் நடனத்தில் ஒரு சகோதரர் மட்டும் சரியாக ஆடாமல் நழுவுகிறாரே, ஏன்?

பதில்: அவர் பெஞ்சமினாக வரும் ஜெஃப் ரிச்சர்ட்ஸ். பேஸ்பால் ஆட்டக்காரராக இருந்து நடிக்க வந்தவர், நடனம் தெரியாது. அதனால் கடினமான அடிகள் வரும்போது பின்வரிசைக்குப் போய்விடுவார். நட்டம் அவருடைய ஜோடி ஜூலி நியூமருக்குத்தான். முறையாக நடனம் கற்றவர், கூடவே பின்னால் நிற்க வேண்டியதாயிற்று. மூத்தவராக வரும் ஹோவர்ட் கீல் பாடகர், அவரை யாரும் ஆடச் சொல்லவில்லை. மற்ற ஐவரும் தேர்ந்தவர்கள்: ழாக் டாம்புவாஸ் நியூயார்க் சிட்டி பாலே என்ற நடனக் குழுவைச் சேர்ந்தவர், பல்டி அடிக்கும் ரஸ் டாம்ப்ளின் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர்.

காட்டில் மரம் வெட்டும் முரடர்கள் திடீரென்று பாலே ஆடினால் சிரிப்புத்தான் வரும் என்பது நடன இயக்குநர் மைக்கேல் கிட்டின் கவலை. அதனால் பலகைமேல் நடப்பது, கைமல்யுத்தம், கோடரி வீச்சு என்று அவர்களுடைய வேலையிலிருந்தும் போட்டியிலிருந்தும் அடிகளை எடுத்தார். மறுமுறை பார்க்கும்போது சட்டைகளைப் பின்தொடருங்கள். சகோதரர்களுக்குப் பளிச்சென்ற நிறங்கள், அவர்களோடு போட்டிபோட்டு ஆடும் ஊர்ப் பையன்களுக்கு மங்கல் உடை. அத்தனை பேர் சுழன்றும் யார் எந்தக் கட்சி என்பது குழம்பாததற்கு அதுதான் காரணம். பனிக்காலத்தில் விறகு வெட்டிக்கொண்டே ஏங்கிப் பாடும் பாட்டையும் விடாதீர்கள். வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்தது.

கேள்வி: இந்தப் படத்தின் டிஸ்க்கில் ஒரே படம் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

பதில்: அகலமான சினிமாஸ்கோப் வடிவத்தை. அப்போது எல்லாத் திரையரங்குகளிலும் ஸ்கோப் லென்ஸும் அகலத் திரையும் இல்லாததால், படத்தைத் தயாரித்த எம்.ஜி.எம். ஒவ்வொரு காட்சியையும் சாதாரண லென்ஸிலும் தனியாக எடுத்துவைத்தது. அரங்குகள் வேகமாக மாறிவிட்டதால் அந்த இரண்டாவது பிரதிக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஏழு பேரை ஒரே வரிசையில் நிறுத்த 2.55-க்கு 1 என்ற அகலம் கச்சிதம். குறை ஒன்று உண்டு: ஸ்கோப் லென்ஸ் அகலக் காட்சியைப் பக்கவாட்டில் சுருக்கிப் படச்சுருளில் பதியும். அக்கால லென்ஸ்கள் கிட்டத்தில் எடுத்தால் பிம்பத்தைப் போதிய அளவு சுருக்காது. திரையில் விரிக்கும்போது முகம் உப்பித் தெரியும்.

கேள்வி: 1850-இல் ஆரிகனில் பெண் கிடைப்பது உண்மையிலேயே அவ்வளவு பெரிய விஷயமா?

பதில்: பெண்கள் குறைவு என்பதோடு நிலமும் சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டின் நிலக்கொடைச் சட்டப்படி, 1850 டிசம்பர் 1-க்குள் குடியேறிய தனி ஆணுக்கு 320 ஏக்கர், தம்பதிக்கு 640. அதில் பாதி மனைவியின் பெயரிலேயே. நான்கு ஆண்டு குடியிருந்து பயிரிட வேண்டும். 1851 டிசம்பர் 1-க்குள் திருமணம் செய்தவர்களுக்கும் தம்பதிக்குரிய பங்கு உண்டு என்பதால் அவசரக் கல்யாணங்கள் நடந்தன. மணமகள்களில் சிறுமிகளும் இருந்தார்கள். வெள்ளையர்களுக்கும் அவர்களுடைய கலப்பு வாரிசுகளுக்கும் மட்டுமான சலுகை இது. பூர்வகுடிகளோடு உடன்படிக்கை முடியுமுன்பே அவர்களுடைய நிலத்தைப் பங்குபோட்டார்கள். படம் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

கேள்வி: மலைகள் ஏன் வரைந்த படம்போல இருக்கின்றன?

பதில்: வரைந்தவைதான். எம்.ஜி.எம். செலவைக் குறைக்கச் சொன்னதால் பெரும்பகுதி ஸ்டுடியோ அரங்கில் நடந்தது. பனிக்காட்சிகள் சிலவற்றுக்கு மட்டும் ஐடஹோவின் சன் வேலிக்குப் போனார்கள்.